வாசல்காரன் எப்படிப்பட்டவன்

மாவு ஒட்டிய கையைத் துடைக்கவும் நேரமில்லாமல் கலம்காஸ் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினாள். கீழே முற்றத்தில், ஊஞ்சலுக்கும் அண்டை வீட்டுக் கார்களுக்கும் நடுவே கம்பளிக் கூடாரம் எழும்பி நின்றது. அதற்குள் தம்பி தோலெகென் கிடந்தான். நேற்று விடிகாலை கொதிகலன் நிலையத்தில் வேலை முடித்துக் கையெழுத்துப் போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். வயது நாற்பத்தேழு. நாளை நண்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

சித்தப்பா ஒராஸ்பெக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"நாளைக்குச் சாப்பாட்டுக்கு ஒரு ஆடு போதும்ல?"

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா."

"பொறுத்தா ஆள் முளைக்குமா? கொதிகலன்ல இருந்து நாலு பேர். என்னையும் சேர்த்து இந்தக் கட்டடத்துல மூணு பேர். செமெய்ல இருந்து நம்ம ஆளுங்க வர்ற ரோட்டைப் பனி உருகி அடிச்சுட்டுப் போயிடுச்சு. வேற யாரு இருக்கா அவனுக்கு? பொண்டாட்டி விட்டுப் போனதுல இருந்து இந்தப் பெட்டி முன்னாடியே உட்கார்ந்துட்டான். பெட்டியா வந்து பாடையைத் தூக்கும்?"

நேற்றிலிருந்து கலம்காஸை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். பாடையைத் தூக்குமுன் இமாம் கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை கேட்பார்: இவர் எப்படிப்பட்ட மனிதர்? கூட்டம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா போனபோது அந்தப் பதில் எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. தம்பிக்கு ஏழு குரல். ஏழு குரல் இந்த முற்றத்தில் ஊஞ்சலைக்கூடத் தாண்டாது. நான்கு பக்கமும் ஜன்னல்களில் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அழுகிறவளும் அவளே, மாவு பிசைகிறவளும் அவளே என்று ஆகிவிட்ட வீட்டில், ஆள் தேடுகிறவளும் அவளேதான். தம்பியின் செல்பேசியில் கொதிகலன் மேற்பார்வையாளர் எண்ணும் அவளுடைய எண்ணும்தான் இருந்தன. கணினி மட்டும் அவன் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு விவாதப் பக்கம். மேலே ‘உறைபனி வாசல்’ என்று தலைப்பு.

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் தம்பி சந்தையில் திருட்டுக் குறுவட்டாக வாங்கி வந்த கணினி விளையாட்டு. ராஜா, இளவரசி, ஓநாய் வேட்டைக்காரன் என்று அத்தனை பேருக்கும் மூக்கடைத்த ஒரே ஆள் ருஷ்ய மொழியில் குரல் கொடுத்திருப்பான். சுவர் வழியாக அந்த இளவரசியின் கட்டைக்குரலைக் கேட்டு அவள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். ஆனால் இத்தனை பேர் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவள் நினைத்ததில்லை.

‘இரும்புப்பல்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் எழுதியிருந்தான்: "வாளை வீசினா கஞ்சியைக் கிண்டுற மாதிரி இருக்கு. ஆனா இதுக்கப்புறம் வந்த எந்த கேமும் என்னை விடியவிடிய உட்கார வெச்சதில்லை."

இன்னொருவன்: "முதல் அஞ்சு நிமிஷத்துல ஓநாய் தின்னுடும். இந்த கேம் உன்னைக் கொஞ்சாது. அதனாலதான் பிடிக்குது."

அதற்குக் கீழே: "ஒரு வீட்ல ரொட்டி திருடினேன். பத்து நாள் கழிச்சும் அந்த ஆளு என்னைப் பார்த்து முறைக்கிறான். இப்ப வர்ற கேம்ல கொலையே பண்ணினாலும் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கறதில்லை."

‘செங்கழுகு’ மட்டும் எல்லாரோடும் ஒத்துப்போகவில்லை: "கேமரா சுவத்துக்குள்ள போகுது. காவல்காரனை ஒரு தட்டு தட்டிட்டா மூணாவது வாசல் ஜென்மத்துக்கும் திறக்காது. முடிவு அரைவேக்காடு. பத்துக்கு ரெண்டு. அந்த ரெண்டும் மழை பெய்யற அழகுக்கு."

ஒவ்வொன்றுக்கும் கீழே ‘வாசல்காரன்’ பதில் எழுதியிருந்தான். வாசல் திறக்காமல் மாட்டிக்கொண்டவர்களிடம், "நீ ஆடிச் சேமிச்ச ஃபைலை எனக்கு அனுப்பு, சரி பண்ணித் தர்றேன்" என்று. செங்கழுகுக்கு: "மழையை ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். மிச்சம் எட்டைப் பத்தி நாளைக்குச் சண்டை போடலாம்." அந்தச் சண்டை ஒன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

வாசல்காரன் யார் என்பது கலம்காஸுக்கு உடனே புரிந்துவிட்டது. ‘அது போதும்’ என்பது அவன் அன்றாடம் சொல்கிற சொல்.

ஆனால் சாவை மொட்டையாகச் சொல்ல யாருக்குக் கை வரும்? முதலில் நோய் என்று சொல்லி, பிறகு மெல்ல இறக்கி வைப்பதுதான் முறை. அவளும் முறைப்படிதான் எழுதினாள்: "தோலெகென் உடம்புக்கு ரொம்ப முடியாமல் இருக்கிறான். பார்க்க வாருங்கள்."

தம்பியின் ‘வாசல்காரன்’ பெயரிலேயே அது பதிவானதை அவள் கவனிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பதினான்கு பதில்.

"தோலெகென்னா யாரு? மீன்பிடிக் கிராமத்துல படுத்திருப்பானே, அவனா?"

"இருபது வருஷமா ஆடறேன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லையே! வாசல்காரா, எங்கேய்யா கண்டுபிடிச்சே?"

"எத்தனாவது அத்தியாயம்? மூலிகை கொண்டு போகணுமா? வடக்கு மலையில பறிச்சதா, சந்தையில வாங்கினதே போதுமா?"

"நான் இப்பவே கிளம்பிட்டேன், குதிரையை மாத்த வேண்டியதுதான் பாக்கி!"

கலம்காஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் மேலேயே கோபமும் வந்தது. தம்பியை விளையாட்டுக்குள் நடமாடும் பொம்மையாக எண்ணிக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறார்கள்! முறையாவது ஒன்றாவது என்று மறுபடி குத்தினாள்:

"நான் அவன் அக்கா. நீங்கள் வாசல்காரன் என்கிறவன் என் தம்பி தோலெகென். நேற்றுக் காலை இறந்துவிட்டான். நாளை பன்னிரண்டு மணிக்குக் கரகண்டாவில் அடக்கம்." கீழே முகவரி.

பக்கம் அப்படியே நின்றது. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். சமையலறையில் எண்ணெய் புகைகிற வாடை வந்தது. ஓடிப்போய்க் கருகிய ரொட்டித் துண்டுகளை அள்ளிக் கொட்டினாள். திரும்பி வந்தபோது திரை தானாகக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

"தெமிர்தாவ்ல இருந்து கிளம்பறோம். ரெண்டு இடம் காலி."

"பல்காஷ். காலையில நாலு மணிக்குக் கிளம்பினா வந்துடுவேன். வழியில யாரையாவது ஏத்திக்கணுமா?"

"அஸ்தானாவுல இருந்து வேன் வெச்சுட்டோம். பதினோரு பேர்."

"என் ஃபைலை நாலு தடவை சரி பண்ணிக் கொடுத்தாரு. ஒரு தடவைகூட ‘மறுபடியும் காவல்காரனை அடிச்சியாடா’ன்னு கேட்டதில்லை."

"அக்கா, நான் கஜக் ஆளு இல்லை. முஸ்லிமும் இல்லை. வரலாமா? என்ன கொண்டு வரணும்?"

"வாங்க," என்று எழுதினாள் கலம்காஸ். "ஆளா வந்தா போதும்."

எழுந்து படிக்கட்டுக்கு ஓடினாள்.

"சித்தப்பா! ஆடு வேண்டாம்! வர்ற கூட்டத்துக்குக் குதிரை அடிக்கச் சொல்லுங்க!"

கிழவர் கீழ்ப்படியில் நின்று அண்ணாந்தார். "உனக்குக் கிறுக்கா? பெட்டியில வர்றேன்னு சொன்னவன் எவன் நேர்ல வந்திருக்கான்? குதிரையை அடிச்சுட்டு ஏழு பேர் உட்கார்ந்து தின்னா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அடிக்கச் சொல்லுங்க."

குதிரை அடித்தார்கள்.

மறுநாள் பத்து மணி வரை ஒருவரும் வரவில்லை. கொதிகலன் ஆட்கள் நால்வரும் கரி படிந்த பனியை மிதித்துக்கொண்டு நின்றார்கள். நான்கு அண்டாவில் இறைச்சி கொதித்தது. சித்தப்பா கூடார வாசலில் தடியை ஊன்றி நின்றபடி இரண்டாம் மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். கலம்காஸ் திரைச்சீலைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பத்தரைக்கு, கண்ணாடி வரை சேறு தெறித்த ஒரு பழைய ஜீப் முற்றத்துக்குள் திரும்பியது. பருமனான ஒரு ருஷ்யர் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், எங்கே நிற்பது என்று தெரியாமல் முழித்தார். அந்த நேரம் கட்டடத்துக் கிழவர் ஒருவர், வழக்கப்படி தூரத்திலிருந்தே கைகளை விரித்து, "ஐயோ, என் கூடப்பிறந்தவனே!" என்று அழுதுகொண்டு கூடாரத்தை நோக்கி ஓடினார். ருஷ்யர் அதைக் கவனமாகப் பார்த்தார். பிறகு தானும் கைகளை விரித்தார். பல்காஷிலிருந்து நானூறு கிலோமீட்டர் ஓட்டி வந்த அந்தப் பெரிய உடம்பு சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடியது.

"ஐயோ, வாசல்காரா! என் வாசல்காரா!"

சித்தப்பாவின் தடி கையிலிருந்து விழுந்தது. அந்த ஆள் மேலே வந்து மோத, இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிழவருக்கு முந்தாநாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு கலம்காஸால் எண்ண முடியவில்லை. அஸ்தானா வேன் வந்தது. தெமிர்தாவ் கார்கள் வந்தன. சட்டையும் டையுமாக ஒரு கொரியர் வந்தார். கண்ணாடி போட்ட இரட்டையர் வந்தார்கள். ஒவ்வொருவரும் முன்னால் போனவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஓடினார்கள். முற்றம் நிரம்பி, கார்கள் தெருவில் நின்றன. சித்தப்பா மாடியேறி வந்தார், கண் சிவந்து, முகமெல்லாம் வேர்த்து.

"கலம்காஸ், குதிரை காணாது போலிருக்கே! ஒரு ஆடும் சேர்த்துச் சொல்லிடவா?"

"சொல்லாம என்னை ஏன் கேக்கறீங்க? ஓடுங்க!"

பெண்கள் இருந்த அறைக்குக் குள்ளமான ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும், பள்ளி ஆசிரியை மாதிரி இறுக்கிய கொண்டை. முறைப்படி கலம்காஸைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்து அழுதாள். பிறகு விலகி மூக்கைத் துடைத்தாள்.

"அக்கா, என் பேரு ராய்ஹான். ஷாக்தின்ஸ்க்ல இருந்து வர்றேன். நான்தான் செங்கழுகு."

"அந்தப் பத்துக்கு ரெண்டு?"

"ஆமா."

"பொம்பளையா நீ! ‘இந்தக் கிழட்டுக் கழுகு இன்னிக்கு என்ன எழுதியிருக்கான் பாரு’ன்னு எங்கிட்ட போன்ல பொலம்புவானே!"

"நானும் அவரை முட்டாள்னு பன்னெண்டு தடவை எழுதியிருக்கேன்."

"எண்ணி வெச்சியா?"

"அவரு எண்ணினாரு." ராய்ஹான் கைக்குட்டையைச் சின்னதாக மடித்தாள். "போன வருஷம் எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. பக்கத்துல தூங்காம உட்கார்ந்திருப்பேன். எப்ப பார்த்தாலும் இவரு புதுசா ஒரு சண்டையை இழுத்து வெச்சிருப்பாரு. ஓநாய்க்கு எத்தனை பல்லு, மழை எந்தப் பக்கம் பெய்யுதுன்னு. நாப்பது நாள். அம்மா வீட்டுக்கு வந்தப்புறம்தான் நிறுத்தினாரு."

கீழே அசைவு ஏற்பட்டது. கம்பளத்தில் சுற்றிய உடலை வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். முன்வரிசையில் சித்தப்பாவும் கொதிகலன் ஆட்களும் அண்டை வீட்டாரும். பின்னால் தலை குனிந்து, தொப்பியைக் கையில் பிடித்தும் தலையில் வைத்தும், முற்றத்தின் கடைசிவரை அந்நியர்கள்.

தொழுகை முடிந்தது. இமாம் நிமிர்ந்தார்.

"சபீர் மகன் தோலெகென் எப்படிப்பட்ட மனிதர்?"

"நல்ல மனிதர்," என்றன ஏழு குரல்கள்.

பின்னாலிருந்த கூட்டம் அசையவில்லை. கஜக் மொழியில் கேட்டது பாதிப்பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள், உறவுக்காரர்களிடம் கேட்கிறார் என்று மரியாதையாக நின்றார்கள். வாசல்காரனைத் தெரியும்; சபீர் மகன் தோலெகெனைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

"எப்படிப்பட்ட மனிதர்?" இரண்டாம் முறை.

சித்தப்பாவின் குரல் உடைந்துவிட, இப்போது ஆறுதான். எதிர்ஜன்னலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள்.

கலம்காஸ் ஜன்னல் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அக்டோபரில் குளிருக்கு முன்னால் தோலெகென் இடுக்குகளிலெல்லாம் சோப்பில் நனைத்த துணிப்பட்டைகளை ஒட்டி அடைத்திருந்தான். இரண்டு கையாலும் பிய்த்தாள். ஒரு பட்டை நீளமாகக் கிழிந்து கையோடு வந்தது. கதவு ஒரு முனகலோடு திறந்து, குளிர் முகத்தில் அடித்தது. தொழுகைக் கூட்டத்துக்கு மேலே பெண் குரல் எழக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். முழுத் தொண்டையையும் திறந்து ருஷ்யனில் கத்தினாள்:

"வாசல்காரன் எப்படிப்பட்டவன்னு கேக்கறாரு! வாயைத் திறந்து சொல்லுங்கய்யா!"

எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். இமாம் வயதானவர், நிறையப் பேரை அடக்கம் செய்தவர். அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு கடைசிவரை நின்ற அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை நிதானமாக, அவரும் ருஷ்யனிலேயே கேட்டார்:

"வாசல்காரர் தோலெகென் எப்படிப்பட்ட மனிதர்?"

"நல்லவர்!"

கஜக்கிலும் ருஷ்யனிலும் ஒரே சமயத்தில் எழுந்த அந்தச் சத்தம் எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. அடங்குமுன்பே பின்னால் யாரோ, "பத்துக்குப் பத்து!" என்று கத்தினார்கள். இமாம் தாடியைத் தடவும் சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார்.

பக்கத்தில் ராய்ஹானின் உதடுகள் அசைந்தன.

"நீ என்ன சொன்னே?" என்றாள் கலம்காஸ்.

"ஒம்பது."

"ஒம்பதா?"

"கடைசிவரை அந்த கேமை விட்டுக்கொடுக்கலையே அக்கா. அதுக்கு ஒண்ணு குறைச்சேன்."

பாடை தோள் மாறி மாறி முற்றத்து வாசல் வளைவைத் தாண்டிப் போனது. தூக்க முண்டியடித்தவர்களில் பல்காஷ்காரருக்கு இரண்டு முறை இடம் கிடைத்தது. கார்கள் ஒவ்வொன்றாக அதன் பின்னால் நகர்ந்தன. அண்டாக்கள் மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் திரும்பி வந்து உட்காருவதற்குள் இறைச்சியை எடுத்து வைக்க வேண்டும்.

"ஜன்னலை மூடட்டுமா அக்கா? குளிருது."

"இருக்கட்டும்."

கிழிந்த துணிப்பட்டை இன்னும் கையில் இருந்தது. காய்ந்த சோப்பில், தோலெகென் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிய குழிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஒரு குழியில் கலம்காஸ் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.