தொட்டித் தண்ணீர்

"கைய எடுடி! மோட்டாரப் போடாத!"

மாமியார் செங்கமலம் கத்தியதில், சுவிட்சுக்குப் போன நந்தினியின் விரல் அப்படியே நின்றது.

மோட்டார் கொட்டகைக்கு வெளியே வரப்பில், மருந்தடிக்க வந்த கூலியாள் கொளஞ்சிநாதன் சுருண்டு கிடந்தான். நெல்லின் தூரில் புகையான் பூச்சி மொய்த்து, வயல் வட்டம் வட்டமாகக் கருகிக்கொண்டிருந்தது. மாமனார் கலியமூர்த்தி, பாட்டிலில் எழுதியிருந்த அளவுக்கு மேலே தாராளமாக மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டு மைன்ஸில் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். ஸ்பிரேயர் ஒழுகி, கொளஞ்சிநாதனின் சட்டையெல்லாம் விஷம். வாயில் எச்சில் வழிந்தது.

"சின்னம்மா... ஒடம்பு எரியுதும்மா. தண்ணி ஊத்துங்க."

"வாய்க்கால்ல போயி குளிக்கச் சொல்லு. காலனி ஆளு நம்ம தொட்டில எறங்குனதே கெடயாது," என்றாள் செங்கமலம்.

வாய்க்கால் எங்கே இருக்கிறது! சுரங்க மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எழுந்து நிற்கவே முடியாதவன் அதுவரை நடப்பானாம்.

"உசுரு போயிடும் அத்த!"

"மாமா வந்தா யாரு பதில் சொல்றது?"

நந்தினி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒரே பிளாக்கில் பத்து ஊர்க்காரர்களோடு குழாயடியில் நின்றவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் அடியோடு பிடிக்காது. ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். இன்று முடியவில்லை. சுவிட்சைத் தட்டினாள். விஷம் படாமலிருக்கக் கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு, அவனைத் தாங்கிப் பிடித்துத் தொட்டியில் இறக்கினாள். சட்டையைக் கிழித்தெறிந்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிறகு ஆட்டோவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் போன் வந்தது. உயிர் இருக்கிறது, நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

செங்கமலம் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். அவன் குளித்த தண்ணீர் மொத்தமும் நெல்லுக்குப் பாய்ந்தது. நெல்லுக்குத் தீட்டு கிடையாது போலும்.

"அஞ்சலைக்குப் போன் போடு. வந்து தொட்டியத் தேய்ச்சிக் கழுவிட்டுப் போவட்டும்."

அஞ்சலை, கொளஞ்சிநாதனின் மனைவி.

"அவங்க ஆஸ்பத்திரில புருஷன் பக்கத்துல அழுதுகினு இருக்காங்க அத்த!"

"அதுக்கு? அவன் எறங்குன தொட்டிய நாமளா கழுவுறது?"

நந்தினி கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அஞ்சலையக்கா வரமாட்டாங்க. நானும் தொடமாட்டேன். மாமாவே வந்து கழுவட்டும். அதுவரைக்கும் மோட்டார் ஓடாது."