கரையில் நிற்கும் படகில் மூன்று இட்லி

1

இது எங்கள் வீட்டில் நடந்த கதை. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் இதே கதை வேறு மாதிரி உலவுகிறது; அதில் எங்கள் குடும்பத்துக்கே பைத்தியம். ஆகவே நானே எழுதுவதுதான் மரியாதை. கதையில் வரும் மாமனாருக்கு அங்கமுத்து என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் யாரென்று விசாரிக்க வேண்டாம்.

தொடக்கம்: விடிந்ததும் செவ்வந்தி வாந்தி எடு

(கூடாது. எங்கள் மருமகள் முதல் வரியிலேயே வாந்தி எடுக்கமாட்டாள்.)

வேறு தொடக்கம்: அன்று கடல் அமைதியாக

(பொய்.)

2

செவ்வந்திக்கு மூன்றாம் மாதம். கஞ்சி, மாதுளை, எலுமிச்சைச் சாறு, எது உள்ளே போனாலும் திரும்பி வந்தது. மூன்று கிலோ இளைத்துவிட்டாள். அவள் அம்மா இந்திராணி அனுப்பம்பட்டிலிருந்து வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“எல்லாம் கருவாட்டு நாத்தம் சம்பந்தி. வேற இன்னா? ஞாயித்துக்கெழம காலைல வருவேன். அவ வயித்துல ஒருவேள சோறு தங்கலன்னா கூட்டினு பூடுவேன்.”

அங்கமுத்துவுக்கு முதுகு விறைத்தது. நம் வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சோறு தங்கவில்லை என்று நெல் விளையும் அந்த அனுப்பம்பட்டில் பேசுவார்களா?

[அவர் கண் கலங்கியதாக இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.]

3

சனிக்கிழமை, ஏரிக்கரையில் வாந்தி எடுத்துவிட்டு, தலைசுற்றி, கரையோரம் கட்டி மிதந்துகொண்டிருந்த எங்கள் படகிலேயே உட்கார்ந்துவிட்டாள் செவ்வந்தி. புருஷன் பூவரசன் வைத்திருந்த ஒரு இட்லி அங்கே இருந்தது. தின்றாள். தங்கியது. கீழே இறங்கினாள். வந்துவிட்டது.

“மாமா, படகு ஆடுனா வயிறு ஆடமாட்டேங்குது.”

(எங்கள் வீட்டுப் பெண்கள் படகில் ஏறித் தண்ணீரில் போனதில்லை. ஏனென்று நானும் கேட்டதில்லை. போனதில்லை, அவ்வளவுதான்.)

4

அங்கமுத்து யோசித்தார். தண்ணீரில் இருந்தால்தானே படகு? மணலில் ஏற்றினால் அது நாற்காலி மாதிரி.

ஞாயிறு விடியலில் படகு மணலில் நின்றது. உள்ளே செவ்வந்தி, மடியில் மூன்று இட்லி. சுற்றிலும் எட்டு ஆண்கள் பிடித்து ஆட்டினார்கள்.

“நைனா, ஊரே சிரிக்குது,” என்றான் பூவரசன்.

“சிரிக்கட்டும். வாடக்காத்து மாதிரி ஆட்டுங்கடா! புயல் மாதிரி ஆட்டாதீங்க!”

முதலில் வாந்தி எடுத்தது ஆட்டியவர்களில் ஒருவனான நீலமேகம். பதினைந்து வருஷமாகக் கடலுக்குப் போகிறவன்.

“உனக்கு எத்தினி மாசம்டா?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

“மாமா, இது அலையே இல்ல. உரல்ல போட்டு இடிக்கற மாதிரி கீது,” என்றாள் செவ்வந்தி. இட்லியைத் தொடவில்லை.

இந்த இடத்தில் அங்கமுத்து மீது எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு கௌரவமான மனிதர் இப்படிச் செய்வாரா? செய்தார். எட்டுப் பேர் சாட்சி. நீலமேகத்தைக் கழித்தால் ஏழு.

5

முடிவு ஒன்று: இந்திராணி மகளைக் கூட்டிப்போகிறாள். ஆனால் பஸ்ஸும் ஆடும். அங்கே போகிற வழியிலேயே அவள் சாப்பிட்டுக் குணமாகிவிட்டால் எங்கள் மானம் மொத்தமாகப் போகும். வேண்டாம்.

முடிவு இரண்டு: இந்திராணியும் படகில் ஏறி

(அவள் ஏறமாட்டாள். அவளுக்கும் விறைக்க ஒரு முதுகு இருக்கிறது.)

6

பாலத்தில் பஸ் வருகிறது. அதில் இந்திராணி இருப்பாள். படகின் மூக்கு ஏரியைப் பார்த்திருக்கிறது. ஆட்டியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கமுத்துவின் வாயையே பார்க்கிறார்கள்.

“மாமா, பசிக்குது,” என்கிறாள் செவ்வந்தி.

‘தள்ளுங்கடா’ என்று அவர் சொன்னதாக நான் எழுதினால், எங்கள் வீட்டு வழக்கத்தை என் கையாலேயே முடித்தவனாவேன். எழுதமாட்டேன். அங்கமுத்து திரும்பி நின்று லைட்ஹவுஸைப் பார்க்கிறார். நானும் அதையே பார்க்கிறேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் அது எங்களுக்குத் தெரியாது.

நீலமேகம் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆகவே ஒரு ஆள் குறைகிறது. படிக்கிறவரே, இதை ஓரமாக வைத்துவிட்டுப் படகின் பின்பக்கம் வாருங்கள். மெதுவாகத் தள்ளுங்கள். அவள் மடியில் இட்லி இருக்கிறது.