கட்டைவிரல் சந்தனம்

கல்யாண வீடியோக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு. மாப்பிள்ளை, பெண், மாமன், மச்சான், பந்தியில் அப்பளம் நொறுக்குகிற பெரியவர் என்று ஊரே படத்தில் இருக்கும். பிடித்தவன் மட்டும் இருக்கமாட்டான். குரலாவது மிஞ்சுமா என்றால் அதுவும் இல்லை. 'மாப்ள, கொஞ்சம் சிரிங்க', 'அக்கா, குறுக்க வராதீங்க' என்று தொண்டை வற்றக் கத்தினதையெல்லாம் அணைத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டை ஏற்றித்தான் ஆல்பம் கொடுப்பார்கள். மாமல்லபுரம் தீனதயாளன் வாழ்நாளெல்லாம் இப்படித்தான் ஊராரைப் படம் பிடித்தான். செத்த பிறகு பார்த்தால், பெண்டாட்டி விஜயகுமாரியிடம் மாலை போட ஒரு போட்டோ இருந்தது. குரல் இல்லை. அவன் போன் அவனோடு லாரிக்கு அடியில் நசுங்கிப் போயிருந்தது.

குரல் இருந்தது ஒரே இடத்தில். வீட்டு முன்னறையில் அவன் எடிட் செய்த கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க்கில். கடைசியாக மதுராந்தகத்தில் எடுத்த ரிசப்ஷன், வெட்டாமல், பாட்டு ஏற்றாமல், எடுத்தது எடுத்தபடி அதில் கிடந்தது. கேமரா பையைப் போலீஸிடமிருந்து வாங்கிவந்து அதில் காப்பி செய்து, கல்யாண வீட்டாருக்கு ஆல்பம் முடித்துக் கொடுத்தவன் படூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சாம், தீனாவின் கூட்டாளி. அவனும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வேலையை முடித்தானாம். கேட்கத் தெம்பில்லை என்றான்.

விஜயகுமாரிக்குக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. அன்று ரிசப்ஷன் நடுவில் தீனா போன் செய்து, இழுத்துக்கொண்டே போகிறது, வர நேரமாகும் என்றான். சீக்கிரம் வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவன். அவள் பொரிந்து தள்ளினாள். 'விஜி, ஒண்ணு சொல்லட்டா' என்று அவன் ஆரம்பிக்கும்போதே போனை வெட்டிவிட்டாள். போதாக்குறைக்குக் கதவைத் தாழிட்டுப் படுத்தாள். விடிவதற்கு முன் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நிற்கட்டும் கொஞ்ச நேரம் என்று புரண்டு படுத்தாள். பிறகு மனசு கேட்காமல் போய்த் திறந்தால் வாசலில் ஒருத்தரும் இல்லை, சவுக்குத்தோப்புக் காற்றுதான். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் போன் செய்தார். விளக்கில்லாமல் நின்றிருந்த லாரி, பைக், எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார். அப்படியானால் தட்டினது யார்? அன்றிலிருந்து அவள் கதவைத் தாழிடுவதில்லை. சும்மா சாத்திவிட்டுப் படுப்பாள், அரைத்தூக்கம்தான்.

ஒண்ணு சொல்லட்டா என்றானே, அந்த ஒண்ணு என்ன? அவன் போன் பேசின நேரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்று, வீடியோவில் பதிந்த நேரத்தை வைத்துச் சாம் சொல்லியிருந்தான். வெட்டின பிறகு அவன் வாயிலிருந்து வந்தது அந்த டிஸ்க்கில்தான் இருக்கவேண்டும். பல மாதம் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. துணிச்சல் வந்த அன்று கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், மதர்போர்டு எம்மாத்திரம்.

சாம் புது போர்டு கொண்டுவந்து மாட்டினான். பெட்டியைத் திறந்தபோது டிஸ்க்கின் ஓரத்தில் காய்ந்த சந்தனம் தெரிந்தது. சாவதற்கு முந்தின ஆயுத பூஜைக்குத் தீனா வைத்தது. மற்றவர்கள் பெட்டிக்கு மேலே பொட்டு வைப்பார்கள். அவன், உள்ளே இருக்கிறவனுக்குத்தான் வேலை அதிகம் என்று சொல்லிக் கழற்றி, டிஸ்க் மேலேயே கட்டைவிரலால் அப்பினான். விரல் ரேகை அப்படியே படிந்திருந்தது. விஜயகுமாரி பார்த்துக்கொண்டே நின்றாள். எதை வேண்டுமானாலும் மாற்று, அதை மட்டும் தொடாதே என்று சாமிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். சர்ச்சுக்குப் போகிறவன், அடுத்தவர் சாமி விஷயத்தில் ஒரு படி கூடுதலாகவே பயபக்தி. பூவைத் தொடுகிற மாதிரி ஒயரைப் பிடுங்கினான், பூவைத் தொடுகிற மாதிரியே திரும்பச் செருகினான்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. டிஸ்க் மட்டும் நத்தையாக ஊர்ந்தது. ஒரு ஃபோல்டர் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். பெட்டியின் சிவப்பு விளக்கு ஓயாமல் துடித்தது. உள்ளே கிர்ர் கிர்ர் என்று யாரோ எதையோ தேடிக்கொண்டே இருந்தார்கள். சாம் அந்த ரிசப்ஷன் வீடியோவைத் தீனா போன் பேசின நேரத்துக்கு ஓட்டித் தட்டினான். வெகுநேரம் கறுப்பு. பிறகு மாப்பிள்ளை பாதி திரும்பியபடி உறைந்து நிற்க, ஸ்பீக்கரிலிருந்து தீனாவின் குரல் வந்தது. "வி... வி... வி..."

விஜயகுமாரி எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டாள். ஒரு வருஷமாகக் கேட்காத குரல், ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு அவளையே கூப்பிட்டது.

அதன் பிறகு சாம் செய்யாத வைத்தியம் இல்லை. டிஸ்க்கைப் பழைய முறையில் படிக்கும்படி போர்டின் செட்டிங் இருந்தது, மாற்றினான். டிரைவர் சாப்ட்வேர் போட்டான். ஒயரை வேறு துளையில் செருகினான், புது ஒயரே வாங்கிவந்தான். இரண்டு நாள் பரவாயில்லாமல் இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ஒவ்வொரு தடவையும் அவன் அந்தச் சந்தனத்தைப் பார்ப்பான், ஏதோ சொல்ல வாயெடுப்பான், மென்று விழுங்குவான். அவளோ மத்தியானமானால் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அந்தக் கிர்ர் சத்தம் அவள் அறைக்குள் வந்தால் நிற்பது போலவும் வெளியே போனால் தொடங்குவது போலவும் இருக்கும். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்தாள். பயந்தும் அணைக்கவில்லை.

அன்று மத்தியானம் சாம் மறுபடி வந்தான். வேகத்தைச் சோதித்தான், ஏதோ கணக்கு ஓடும் பக்கத்தைத் திறந்து உற்றுப் பார்த்தான். தயங்கித் தயங்கி, டிஸ்க் கெட்டுவிட்டது என்று இதுவரை தான் நினைத்தது தப்பு என்றான்.

"அப்ப இன்னா ஆச்சு?"

"டிஸ்க் நல்லா கீது அண்ணி. அது சரியாத்தான் சொல்லுது. வர்ற வழில குழம்பிப்பூடுது. இந்தாண்ட போர்டுக்குப் புரியல, திரும்பச் சொல்லுன்னுது. அது திரும்பச் சொல்லுது. சலிக்காம சொல்லிக்கினே கீது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை என்கிற கதை. எந்த வழியில் குழம்புகிறது என்று விஜயகுமாரி கேட்டாள். சாம் பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்கிக் காட்டினான். ஒயரின் வாயில் மஞ்சளாகத் தூள். காய்ந்து ஒரு வருஷம் சும்மா இருந்த சந்தனம், போர்டு மாற்ற ஒயரைப் பிடுங்கினபோது ஓரம் பெயர்ந்து உள்ளே உதிர்ந்திருக்கிறது. கடல் ஈரத்தில் குழைந்து அடைத்திருக்கிறது. எத்தனை ஒயர் மாற்றினாலும் மேலிருந்து உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

"உனுக்கு முன்னயே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. நீங்க தொடாதன்னீங்க. அவன் கை வெச்சது வேற. எப்புடி அண்ணி நான் தொடைப்பேன்?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விரலின் ரேகை இன்னும் இருந்தது, நடுவில் சுழி, ஓரத்தில் பழைய கத்திவெட்டுத் தழும்பின் கோடு. அவன் உடம்பிலிருந்து இந்த வீட்டில் மிஞ்சினது இதுதான். இதை வைத்துக்கொண்டால் குரல் இல்லை. குரல் வேண்டுமானால் இது இல்லை. இப்படியும் ஒரு கணக்கைப் போடுவானா கடவுள் என்று மனசாரத் திட்டினாள்.

சாம், தானே செய்யட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் கொடுத்த துடைக்கிற மருந்தில் பஞ்சை நனைத்து, முதலில் சுழியைத் துடைத்தாள், பிறகு தழும்பை. சந்தனம் கரைந்து வாசனை வந்தது. அப்போதுதான் அழுதாள். சாம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

சாம் துளையையும் ஒயரின் வாயையும் துடைத்துச் செருகினதும் விளக்கு ஒரு தடவை மின்னி அடங்கியது. கிர்ர் சத்தம் நின்றுபோயிற்று. அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். சாம் வீடியோவை அதே இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, வாசலில் இருக்கிறேன் என்று வெளியே போனான்.

விஜயகுமாரி தட்டினாள். மேடை, பூ அலங்காரம், வரிசையில் நிற்கும் கூட்டம். படத்துக்குப் பின்னாலிருந்து தீனா தெளிவாகப் பேசினான்.

"விஜி, கேளு. இவுங்க இன்னும் கேக்கே வெட்டல..." அவன் நிறுத்தினான். அந்த இடைவெளியில்தான் அவள் பொரிந்திருக்கிறாள். படத்தில் அது வெறும் நாதஸ்வரம். "விஜி, ஒண்ணு சொல்லட்டா? ... அலோ? அலோ?"

அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். போனைச் சட்டைப்பையில் போடும் சத்தம். பக்கத்தில் யாரோ, வூட்டம்மாவா அண்ணாத்த, கட் பண்ட்டாங்களா என்று கிண்டல் செய்தார்கள். தீனா சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் அடியோடு மறந்திருந்தாள்.

"கோவமா கீறா. இன்னிக்கு தாப்பா போட்டுக்கினுதான் படுப்பா. நான் போயி தட்டிக்கினு நிக்கணும்."

"தெறக்கலன்னா?"

"தெறப்பா. கொஞ்ச நேரம் நிக்க வெப்பா. ஆனா தெறந்துடுவா. மாப்ள, இங்க பாருங்க, சிரிங்க."

சொல்ல வந்த அந்த ஒண்ணை அவன் கடைசிவரை சொல்லவே இல்லை. அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் தடங்கல் இல்லாமல் அப்படியே வந்தது. சாம் புது டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் படூருக்குக் கிளம்பினான்.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்தாள். விளக்கை அணைக்குமுன் வழக்கம்போல் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கையை உயர்த்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். துரு ஏறிக் கிடந்தது, அழுத்தித்தான் தள்ளவேண்டியிருந்தது.

தட்டட்டும். திறப்பாள் என்று அவனுக்குத்தான் தெரியுமே.