வளைகாப்புக்கு வந்த பால் டின்கள்

ப்ரியம்வதாவின் வளைகாப்புக்குப் போன மீனாக்ஷி, செருப்பைக் கழற்றிய கையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹாலில் மணை போட்டு, கோலம் போட்டு, கண்ணாடி வளையல்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. மணைக்குப் பின்னால்தான் விஷயம். பரிசுப் பொட்டலங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பால்பொடி டின்கள், சுவர் முழுக்க, ஆள் உயரத்துக்கு. போதாக்குறைக்கு ஒவ்வொரு டின் மேலும் ஒரு குங்குமப் பொட்டு.

"எல்லாம் உங்க கன்டெய்னருக்குத்தான் மீனாக்கா!" என்று மணையில் உட்கார்ந்தபடியே கூவினாள் ப்ரியம்வதா. "எனக்கு கிஃப்ட் வேண்டாம், வன்னியில இருக்கற குழந்தைகளுக்கு ஆளுக்கு ரெண்டு டின் கொண்டு வாங்கன்னு இன்விடேஷன்லயே போட்டுட்டேன். உங்களுக்கு மட்டும் வேற கார்டு. சர்ப்ரைஸ்!"

மீனாக்ஷிக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? அங்கே என்ன போக வேண்டும் என்று பார்ப்பதே அவள் வேலைதானே.

மதுரையில் டாக்டருக்குப் படித்து, கல்யாணமாகி கலிஃபோர்னியாவுக்கு வந்தவள் மீனாக்ஷி. இங்கே மறுபடி பரீட்சை எழுதி ஸ்டெதாஸ்கோப் மாட்ட அவளுக்குப் பொறுமை இல்லை. பொதுச் சுகாதாரம் படித்தாள். ஓக்லண்டில் ஒரு சிறிய நிவாரண அமைப்பில் சேர்ந்தாள். சண்டை நடக்கும் நாடுகளில் கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் என்ன போய்ச் சேர வேண்டும், யார் கையில், எந்த வழியாக என்று இங்கிருந்தே ஏற்பாடு செய்வது அவள் பொறுப்பு. தடுப்பூசி மருந்து ஐஸ் உருகாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். பிரசவம் பார்க்கிறவளுக்குச் சோப்பும் புது பிளேடும் நூலும் விரிப்பும் கிடைக்க வேண்டும். குண்டு விழுகிறதே என்று எந்தப் பிரசவ வலியும் தள்ளிப்போகாது. "உலகத்துல எங்க சண்டை நடந்தாலும் எங்க வீட்டு ஃபோன் பில்லைப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்பான் அவள் கணவன் பத்ரி.

அந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், அவளிடம் வந்திருந்தது இலங்கையின் வன்னிப் பகுதி. ஊரை விட்டு ஓடி வந்த ஜனங்கள் காட்டோரம் கொட்டகை போட்டுக் கிடந்தார்கள். மீனாக்ஷி குடியிருந்த பிளசன்டனில் நம்மவர்கள், புலிகள் இருக்கும் இடமென்று அந்தப் பேரைச் சொன்னாலே ஒதுங்குவார்கள். "கோயிலுக்குன்னா கேளுங்கோ, வெள்ளம்னா கேளுங்கோ. இது மட்டும் வேண்டாம் மேடம், கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு" என்று கஸ்தூரிரங்கன் போன மாதம் கையைக் கூப்பியிருந்தார். அதே கஸ்தூரிரங்கன் இன்று இரண்டு டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். பால்பொடிக்கு என்ன அரசியல்? இத்தனை மாதமாக மீனாக்ஷியால் திறக்க முடியாத கதவை ப்ரியம்வதா ஒரு வளைகாப்பில் திறந்துவிட்டாள்.

ஆனால் அந்த டின்களில் ஒன்றுகூட கன்டெய்னரில் ஏறக்கூடாது.

இது மீனாக்ஷிக்கு மனப்பாடம். அமைப்பின் முதல் விதி. நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் பால்பொடி விஷத்துக்குச் சமம். கலக்குவது குட்டைத் தண்ணீரில். புட்டியைக் கொதிக்கவைக்க விறகு கிடையாது. குழந்தை புட்டிக்குப் பழகினால் தாயிடம் சப்புவது குறையும், சப்பாவிட்டால் தாய்ப்பால் வற்றும். அப்புறம் டின்னும் தீர்ந்துபோகும். நல்ல மனசோடு அனுப்புகிற இந்தச் சாமானைப் போலக் குழந்தைகளைக் கொல்லும் சாமான் முகாம்களில் வேறில்லை என்று அவளே எத்தனையோ கூட்டங்களில் மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறாள்.

மணை முன்னால் தட்ட மேஜை இல்லை. நிறைமாத வயிற்றோடு ஒருத்தி இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே வீட்டில் இதே போல வளையல் அடுக்கிக்கொண்டு, பெண் குழந்தையைப் பெற்று, மூன்றாம் நாள் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள். சுபகாரியத்தில் அவள் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது? மீனாக்ஷி வளையலை எடுத்து அவள் கையில் பூட்டினாள். சந்தனம் தடவினாள். தேங்காய்ச் சாதத்தைக் கொறித்துவிட்டு வீடு வந்தாள். தன் கோழைத்தனத்தை நினைத்தால் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் குறுக்கு வழி தேடினாள். தனியாக ஒரு பெட்டியில் போட்டு, தாயில்லாத குழந்தைகளுக்கு மட்டும் என்று எழுதி அனுப்பினால் என்ன? அங்கே இருப்பது திலகவதி. அனுபவசாலி. அவள் 'அனுப்புங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

திலகவதியை அங்கே எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவது. காட்டுக்குள் ஃபோன் கிடையாது. மாதம் ஒருமுறை மருந்து எடுக்க வவுனியா டவுனுக்கு வருவாள், அப்போது அலுவலகத்தில் பிடிக்கலாம். திங்கள் சாயங்காலம், அங்கே செவ்வாய் காலை, லைன் கிடைத்தது. மீனாக்ஷி சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தாள்.

"பால்மாவோ?" என்றாள் திலகவதி. "அனுப்பாதேங்கோ டொக்டர். போன மாரிக்கும் ஆரோ நல்ல மனசோடதான் தந்தவை. வாய்க்கால் தண்ணியில கரைச்சுக் குடுத்திச்சினம். பிள்ளையளுக்கு வயித்தோட்டம் பிடிச்சுது. எங்கட கொட்டில் வரிசையில மட்டும் எத்தினை பிள்ளையளைத் தாட்டனாங்கள் எண்டு கேக்காதேங்கோ."

"தாயில்லாத குழந்தைகளுக்கு மட்டும்னா, மிஸ்ஸி?"

"ஒரு கொட்டிலுக்குப் பால்மாப் பேணி வந்தா மற்றக் கொட்டில்காரி பாத்துக்கொண்டு இருப்பாளோ? தன்ர பாலைவிட அதுதான் பெரிசெண்டு நினைப்பாள். இங்க தாயில்லாப் பிள்ளைக்கும் வழி இருக்கு டொக்டர். செல் விழுந்து பிள்ளையைப் பறிகுடுத்தவள் ஒருத்தி, மாரில பால் கட்டி அழுதுகொண்டு கிடந்தவள். தாய் செத்த பிள்ளை ஒண்டை அவளின்ர மடியில வைச்சன். இப்ப ரெண்டு பேரும் தப்பிட்டினம். தாய்மாருக்குச் சாப்பாடு தாங்கோ. பயறு, எண்ணெய், சீனி. பிள்ளையைத் தாய் பாப்பாள்."

லைன் அறுந்தது. மீனாக்ஷி ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். தான் தேடிய அனுமதி எவ்வளவு கேவலமானது என்று அப்போதுதான் உறைத்தது. தன் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள, பிள்ளைகளைப் புதைத்தவளிடம் போய்ச் சலுகை கேட்டிருக்கிறாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ப்ரியம்வதா வீட்டுக்குப் போனாள். டின்கள் அதே சுவரோரம் இருந்தன. ப்ரியம்வதா வளையல் குலுங்கக் காபி கொண்டு வந்தாள். மீனாக்ஷி காபியைத் தொடவில்லை.

"ப்ரியா, நான் சொல்றதுக்கு நீ என்னை என்ன வேணாலும் திட்டு. இந்த டின்னை நான் அனுப்ப முடியாது."

காரணத்தைச் சொன்னாள். தண்ணீர், புட்டி, வயிற்றோட்டம், எல்லாவற்றையும் மென்று விழுங்காமல் சொன்னாள். ப்ரியம்வதாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வளையல் போட்டுட்டுப் போனீங்க."

"ஆமா. தைரியம் வரலை. தப்புதான்."

"இப்ப இதையெல்லாம் என்ன பண்றது?"

"கடையில திருப்பிக் குடுத்தா, அந்தப் பணத்துக்கு அங்க அம்மாக்களுக்குச் சாப்பாடு..."

"திருப்பிக் குடுக்கறதா?" ப்ரியம்வதா எழுந்துவிட்டாள். "வேற எது வேணாலும் சொல்லுங்க. அதை மட்டும் சொல்லாதீங்க மீனாக்கா."

அப்புறம்தான் அது வெளியே வந்தது. முதல் குழந்தை பிறக்கும் முன்பே, கடையில் சேல் போட்டிருக்கிறான் என்று அவள் கணவன் ஸ்ரீநிவாசன் ஒரு பெட்டி பால்பொடி வாங்கி வைத்துவிட்டான். பிறக்கும் முன் எதையும் வாங்கக்கூடாது என்று இரு வீட்டுப் பெரியவர்களும் ஃபோனில் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். அவன் சிரித்தான். ரசீதைப் பத்திரப்படுத்துகிற ஜாதி அவன். குழந்தை போன மறு வாரம், வீட்டில் கண்ணில் படக்கூடாது என்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். ஏன் திருப்புகிறீர்கள் என்று கவுண்டரில் இருந்தவள் வழக்கம்போலக் கேட்டாள். ஸ்ரீநிவாசன், பின்னால் வரிசை நிற்க, அந்த இடத்திலேயே விசும்பி விசும்பி அழுதானாம்.

"அவர் அங்க இருந்தப்போ நான் இங்க பாத்ரூம்ல நின்னுண்டிருந்தேன். பால் கட்டி, தாங்க முடியாம, சிங்க்ல பீச்சி விட்டேன். குடிக்க ஆள் இல்லை, பால் நிக்கவும் இல்லை." அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை என் குழந்தைக்கு நான் ஒரு சாக்ஸ்கூட வாங்கலை. பயம். கடையில அந்தப் பக்கமே போறதில்லை. யாரோ ஒரு குழந்தைக்கு வாங்கறோம்னுதான் அந்த டின்னைத் தொட முடிஞ்சது. அதையும் திருப்பச் சொல்றீங்க."

விதியாவது, கன்டெய்னராவது, எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு இவளைக் கட்டிக்கொள்ளலாம் போல மீனாக்ஷிக்கு இருந்தது. கட்டிக்கொண்டாள். ஆனாலும் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

"இங்க ஃபுட் பேங்க்ல குடுத்துடலாம்" என்றாள் மெல்ல. "இங்க தண்ணி நல்ல தண்ணி. நானே கொண்டு போய்க் குடுக்கறேன். நீ கடைப் பக்கம் வர வேண்டாம்."

ப்ரியம்வதா டின்களைப் பார்த்தாள்.

"அப்ப அங்க அம்மா இல்லாத குழந்தை என்னதான் குடிக்கும்?"

மீனாக்ஷி, திலகவதி சொன்னதை அப்படியே சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளையும், அவள் மடியில் வைத்த குழந்தையையும்.

ப்ரியம்வதா சோபாவில் மெதுவாக உட்கார்ந்தாள். "குழந்தை போனவளா? அவ பாலையா?"

"ஆமா."

"எனக்கும் யாராவது அப்படி ஒண்ணைக் கொண்டு வந்து வச்சிருந்தா..." என்றவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வளைகாப்புப் போட்டவள் அழக்கூடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மீனாக்ஷியும் சொல்லவில்லை.

அழுது முடித்ததும் சமையலறைக்குப் போய் ஒரு ஈரத்துணியோடு வந்தாள். தரையில் சப்பணமிட்டு உட்கார முடியாமல் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, முதல் டின்னை எடுத்து, குங்குமத்தைத் துடைத்தாள்.

"ஃபுட் பேங்க் வேண்டாம் மீனாக்கா. கடையிலேயே திருப்பிடலாம். அவங்களுக்குன்னு வாங்கினது, பணமா அவங்களுக்கே போகட்டும். பால் குடுக்கறாளே, அவ சாப்பிடட்டும்."

எல்லோருக்கும் அவளே ஃபோன் போட்டாள். சிலர் சரி என்றார்கள், சிலர் முறைத்துக்கொண்டார்கள். "சுபகாரியத்துல குடுத்ததைத் திருப்பறதா? நன்னாயில்லையே அம்மா" என்று கஸ்தூரிரங்கன் இழுத்தார். "குடுத்ததைத் திருப்பலை அங்கிள், சரியா குடுக்கறோம்" என்று ஃபோனை வைத்தாள்.

சனிக்கிழமை மீனாக்ஷியின் வேன் டின்களோடு கடை வாசலில் நின்றது. டின் வாங்க, சேலுக்காக எல்லோரும் ஓடியது ஒரே கடைக்குத்தான். அப்போது ஸ்ரீநிவாசன் அழுததும் அதே கடையில்தான். இன்று அவன் வேனைக் காலி செய்து கடையின் தள்ளுவண்டிகளில் ஏற்றிக் கொடுத்தான். உள்ளே மட்டும் வரவில்லை. "நீ போ ப்ரியா, என்னால முடியாது" என்றான். அவள் வற்புறுத்தவில்லை.

கவுண்டரில் ஒரு நடுவயது வெள்ளைக்காரி இருந்தாள். வண்டி வண்டியாக வந்த டின்களைப் பார்த்தாள், ப்ரியம்வதாவின் வயிற்றைப் பார்த்தாள், குழம்பிப்போனாள். மெஷினில் விரலை வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிறபடி, ஏன் திருப்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மீனாக்ஷி வாயெடுத்தாள். ப்ரியம்வதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிரசவம் வரை கழற்றக் கூடாத அத்தனை வளையலும் கவுண்டர் விளிம்பில் உரசின. பின்னால் ஒரு சின்ன வரிசை சேர்ந்துவிட்டது.

அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், தெளிவாக, அவசரப்படாமல். அந்தக் குழந்தைகளுக்கு அம்மாக்கள் இருக்கிறார்கள் என்றாள்.

கவுண்டர்காரிக்கு என்ன புரிந்ததோ. சரி என்று தலையாட்டி, டின்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். அதற்கு நேரம் பிடித்தது. பாதியில் மீனாக்ஷி திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ப்ரியம்வதாவைக் காணோம். பயந்துபோய்த் தேடப் போனால், அவள் குழந்தைச் சாமான்கள் இருக்கும் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். நடை தளர்ந்திருந்தது. கையில் ஒரு சின்ன மஞ்சள் தொப்பி, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

டின் கணக்கு முடிந்ததும் அதைக் கவுண்டரில் வைத்துத் தன் பர்ஸைத் திறந்தாள். அந்த அம்மாள் பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

"ரசீது வேண்டாம்" என்றாள் ப்ரியம்வதா.