எடைக்கு உட்கார்ந்தவள்

"அசையாதீங்கக்கா" என்றார் லிஃப்ட்காரர். "மூச்சைக்கூட கொஞ்சம் மெதுவா விடுங்க."

அவள் அசையவில்லை. டிரைவர் இருக்கையில், மடியில் ஒரு பிளாஸ்டர் மூட்டையை அணைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டியின் நான்கு சக்கரங்களும் நான்கு எடைமேடைகளின் மேல் நின்றன. அடுக்குமாடிகளில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரான லிஃப்ட்காரர் தரையில் மல்லாந்து படுத்து, தலையைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை ஸ்பேனரால் ஒரு இழை திருப்பினார்.

"முன்னாடி இடது என்ன காட்டுது?" என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. குரல் என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். காற்றில் பாதி, சொல்லில் பாதி.

அது அவளுடைய அண்ணன். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கட்டிலைக் கார் ஷெட்டை ஒட்டிய அறையில் போட வேண்டும், நடுக் கதவு திறந்தே இருக்க வேண்டும். அவன் படுத்த இடத்திலிருந்து வண்டியின் பக்கவாட்டு முழுக்கத் தெரியும். வண்டியில் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுக்கும் அவன் தெரிந்தான், போர்வைக்கு மேலே ஒரு மூக்கும் இரண்டு கண்களுமாக.

பல் செட் செய்வது அவன் தொழில். வாரம் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் பொருத்துவான். மாதத்தில் ஒரு ஞாயிறு, யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று திறந்துவிடும் பந்தயத் தடத்துக்கு இந்தக் குட்டி வண்டியோடு போய்விடுவான். அங்கே போட்டி கிடையாது, பரிசு கிடையாது. போன சுற்றைவிட இந்தச் சுற்று ஒரு இமைப்பொழுது சீக்கிரம் வந்தால் அன்றைக்குப் பூராவும் சிரித்துக்கொண்டிருப்பான். அந்த இமைப்பொழுதுக்காக வண்டியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கம்பளம் போனது, ரேடியோ போனது, ஹீட்டர் போனது, மேற்கூரையும் கதவுகளும் போயின. பக்கத்து இருக்கையும் ஒருநாள் போனபோது, "கல்யாணம் ஏன் பண்ணிக்கலைன்னு இப்பதான் புரியுது, எடை ஏறிடும்னுதானே?" என்று அவள் கேட்டாள். அதையும் அவன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கழற்றிக் கழற்றி வண்டி இவ்வளவு லேசானதில் ஒரு தொல்லை வந்தது. ஓட்டுகிறவனின் உடம்பே பெரிய பாரமாகிவிட்டது. அவன் உட்கார்ந்தால் ஒரு மூலை தாழும், எதிர்மூலை எழும், வளைவில் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் திரும்பும். ஆகவே இருக்கையில் ஓட்டுநரின் எடையை வைத்துத்தான் நான்கு ஸ்பிரிங்குகளையும் சரிசெய்ய வேண்டும். அவனே உட்கார்ந்தால் யார் சரிசெய்வது? இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கைக்கு ஆள் போகும். அவள் எடைக்கும் அவன் எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் ஒரு மூட்டை அவள் மடிக்கு வரும்.

இப்படிப் பல வருஷமாக அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போது வண்டி ஒரு அடிகூட நகர்ந்ததில்லை.

அவள் பள்ளிக்கூட பஸ் டிரைவர். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை வேகத்தடைகளின் மேல் முட்டைக்கூடை போல ஏற்றி இறக்குகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்துச் சம்பாதிக்கும் கைகளை மடியில் கட்டிப்போட்டுக்கொண்டு இந்த வண்டியில் உட்காரும்போதெல்லாம் அவளுக்கு ஒரே ஆசை வரும். ஒருநாள், ஒரே ஒருநாள், "பாப்பா, நீ ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்று அண்ணன் சொல்ல வேண்டும். அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டு வாங்குவதற்கு அது என்ன, மிட்டாயா?

"பாப்பா" என்றான் அண்ணன் இப்போது. ஐம்பதைத் தாண்டியவளை அவன் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவான். "அந்த மூட்டையைக் கீழ வச்சிடு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தலையணையில் அவன் முகம் கைக்குட்டை அளவுக்குச் சிறுத்திருந்தது. புரிந்தது போல இருந்தது.

"ஆமாமா, இப்ப நீ என்னைவிட லேசாயிட்ட. நியாயமா என்னைத்தான் கொஞ்சம் செதுக்கணும்."

"இதுவரைக்கும் பண்ணின அப்கிரேட்லயே இதுதான் பெரிசு" என்றான் அண்ணன். "எல்லா வேலையும் அதுவே பார்த்துக்குது. ஸ்பேனர்கூட வேணாம்."

வண்டிக்கடியில் லிஃப்ட்காரரின் வயிறு குலுங்கியது. அந்த ஞாயிறுகளில் அண்ணனோடு தடத்துக்குப் போய்வந்தவர் அவர். சிரித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் அடியிலேயே படுத்திருந்தார். அவளும் சிரித்தாள், சிரித்த வாயை மூடத் தெரியாமல் மூட்டையை இறக்கி வைத்தாள்.

எண்கள் மாறின. லிஃப்ட்காரர் ஒவ்வொரு சக்கரமாகப் போய் வளையங்களைத் திருப்பினார். ஒரு மூலையைத் தூக்கினால் எதிர்மூலை கோபித்துக்கொள்ளும். அதைச் சமாதானம் செய்தால் இது முறைக்கும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எண்களைக் கேட்டான், கூட்டினான், "இன்னும் அரைத் திருப்பு" என்றான்.

பிறகு, "கால் எட்டுதா?" என்று கேட்டான்.

"எது?"

"கிளட்ச். முழுசா அமுக்கிப் பாரு."

எடைக்கு உட்காருகிறவளுக்குக் கால் எங்கே எட்டினால் என்ன? இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வி. அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். முழங்கால் மடிந்திருந்தது. எப்போதும் பெடல்கள் எட்டாமல் தூரத்தில் நிற்கும். இன்று பாதம் அவற்றின் மேலேயே இருந்தது. இருக்கையை முன்னால் நகர்த்தித் தரையில் புதிய துளை போட்டு முடுக்கியிருந்தார்கள். புது போல்ட்டுகள் பளபளத்தன.

"அண்ணன்தான் சொன்னார்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நான் துளை போட்டதோட சரி."

அவள் இறங்கி அறைக்குள் போனாள். கட்டிலின் விளிம்பில் உட்காராமல் நின்றாள்.

"யாருக்கு இது?"

"ஞாயித்துக்கிழமைக்கு உன் பேரைக் குடுத்திருக்கேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா மாட்டேன்னுவ."

"கேட்டுப் பார்த்தியா? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தியா? எடைக்கு மட்டும் நான் வேணும். மூட்டைக்குப் பக்கத்துல இன்னொரு மூட்டை."

அண்ணன் கூரையைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொள்ள அவனுக்கு நேரம் வேண்டியிருந்தது.

"பயம்தான்" என்றான்.

"வண்டியை இடிச்சிடுவேன்னா?"

"என்னைவிட நல்லா ஓட்டிடுவேன்னு. பள்ளிக்கூட வாசல்ல நீ அந்த பஸ்ஸைத் திருப்பறதைப் பார்த்திருக்கேன். ஒரே வெட்டு. எனக்கு அது வராது." பிறகு சொன்னான், "இப்ப கேக்கறேன், பாப்பா. வண்டியை எடுத்துக்கறியா?"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவனை அவ்வளவு பிடிக்கும், அதனால் வந்த கோபம். காத்துக்காத்துக் கிடந்த கேள்வியை இப்படி ஒரு நாளில் கொண்டுவந்து நீட்டுகிறான். சரி என்று சொன்னால் வண்டி அவளுடையது. அண்ணன் இனி அதில் ஏறப்போவதில்லை என்பதற்கும் சேர்த்துச் சொல்லும் சரி அது.

"நீ எந்திரிச்சு வா" என்றாள். "நீயே ஓட்டு. நான் எடைக்கு உட்கார்றேன்."

அண்ணன் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் அவள் தோற்கப்போகும் ஆட்டத்தைப் பாதியில் கலைத்துவிட்டுப் போகும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"சரி. அப்படியே வச்சுக்கலாம்." என்றான். பிறகு லிஃப்ட்காரரிடம், "மிச்சத்தை முடிச்சிடுங்க" என்றான்.

அவள் திரும்பிப் போய் வெறும் மடியோடு உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் காது கேட்காதவர் போலவே வேலை செய்தார். கடைசியில் அவர் எண்களைச் சொன்னபோது, அண்ணன் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினான். ஒரு பல் செட் வாயில் சரியாக உட்கார்ந்துவிட்டால் அப்படித்தான் ஆட்டுவான்.

மத்தியானம் லிஃப்ட்காரர் சாப்பிட்டு வருவதாகப் போனார். அவள் அண்ணனின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஸ் கதை சொன்னாள். அவனுக்குப் பஸ் கதைகள் பிடிக்கும். பஸ் ரொம்ப வேகமாகப் போகிறது என்று யாரோ புகார் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரே ஒருநாள் சோதிக்க ஏறினாராம். ஏறி உட்கார்ந்து, முதல் திருப்பத்திலேயே தூங்கிப் போனாராம். பிள்ளைகளெல்லாம் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பூனைபோல் இறங்கிப் போனார்களாம். அவர் பின்சீட்டில் இருந்தது தெரியாமல் இவள் வண்டியை டிப்போவில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

இந்த இடத்தில் அவன் சிரித்திருக்க வேண்டும். அவள் பார்த்தாள். போர்வை ஏறவில்லை, இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, பாதியில் விட்டால் அவனுக்குப் பிடிக்காது என்பதால், கதையை முடித்தாள்.

"கடைசியில டிப்போ வாட்ச்மேன்தான் கதவைத் தட்டி எழுப்பினாரு" என்றாள். "அதுக்கப்புறம் புகாரே வரலை."

அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். லிஃப்ட்காரர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அழுதாள்.

சாயங்காலம் இறுதி ஊர்தி வந்தது. தெருவில் அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். இரண்டு ஆட்கள் நீளமான ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்து, அண்ணனை எடுத்து வைத்து, வெள்ளைத் துணி போர்த்தினார்கள். நடைவழியில் குளியலறைத் திருப்பத்தில் அது வளையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், பின்னால் வந்து மறுபடி பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

வேறு வழி ஷெட்தான். ஷெட்டை வண்டி அடைத்துக்கொண்டு நின்றது, நான்கு எடைமேடைகளின் மேல்.

"தள்ளிடலாம்" என்று லிஃப்ட்காரர் முன்னால் போனார். "லேசான வண்டிதான், ரெண்டு பேர் போதும்."

"வேண்டாம்" என்றாள் அவள். "பலகையை வைங்க. நான் எடுக்கறேன்."

லிஃப்ட்காரர் ஷெட்டின் கதவை முழுக்கத் திறந்தார். சக்கரங்களுக்கு முன்னால் சரிவுப் பலகைகளை வைத்தார். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். கிளட்சை முழுக்க அமுக்கினாள். பாதம் நன்றாக எட்டியது. பட்டனை அழுத்தியதும் வண்டி ஒரு தும்மலோடு உயிர்பெற்று, அதன் நடுக்கம் இருக்கை வழியாக அவள் முதுகெலும்பு முழுக்க ஏறியது. கண்ணாடி டம்ளர்கள் உள்ளே எங்கோ கிணுகிணுத்தன.

ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி நடுக் கதவுவரை கொண்டுவந்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் தெருவில் நின்று, வரலாம் வரலாம் என்று கையை ஆட்டினார். தெருவே அவளைப் பார்த்தது. அவள் கியரைத் தொடவில்லை. எண்ணெய்ச் சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்திருந்தது.

லிஃப்ட்காரர் அருகில் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுங்க" என்றார், இஞ்சின் சத்தத்துக்கு மேலாக. "எண்ணெய் சூடாகாம எடுத்தா அவருக்குப் பிடிக்காது."

"யாருக்கு?" என்றார் மூத்தவர். கேட்டுவிட்டு, கீழே பார்த்தார். இருவரும் குனிந்து ஸ்ட்ரெச்சரை மெல்ல நிலைப்படியை ஒட்டித் தரையில் வைத்தார்கள்.

வண்டி அவ்வளவு தாழ்வு. கதவும் கிடையாது. அண்ணனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தார்கள். வெள்ளைத் துணியின் ஓரம் இஞ்சினின் அதிர்வில் லேசாகத் துடித்தது. அவள் கை நீட்டி அதைச் செருகிவிட்டு, மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

முள் கொஞ்சம் எழுந்தது. அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள்.