கோயம்புத்தூருக்கு ஒரு ஒப்பாரி

மச்சான் உடலுக்கு மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்த கோவிந்தன், அக்காளின் கையைப் பிடித்து அழ வேண்டிய இடத்தில், அக்காள் மகளைப் பார்த்தார்.

"காலேஜி இன்னா ஆச்சி?"

பந்தலில் இருந்தவர்களுக்கு இது நல்லதாகப் போயிற்று. செத்தவரைப் பற்றிப் பேச மேனாம்பேட்டில் அதிகம் இல்லை. எஸ்டேட் ஃபேக்டரியில் லேத் ஓட்டியவர், பெயர் சின்னப்பையன்; காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர், பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். மகள் லோகநாயகியின் காலேஜ் விஷயமோ, அந்த எண்பத்தொன்பதாம் வருஷக் கோடையில், தெருக்குழாய்த் தண்ணீரைவிட ஒழுங்காகத் தெருப் பேச்சில் வந்துகொண்டிருந்தது.

இரண்டு இடத்திலும் ஒரே பாடம்தான், பி.எஸ்சி. கணக்கு. ஆவடிப் பக்கம் என்றால் காலையில் ரயிலேறி, சாயங்காலம் வீட்டுச் சோறு. கோயம்புத்தூர் என்றால் ஹாஸ்டல், அதற்கு மூன்று வருஷச் செலவு. பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆட அழைத்துப்போனபோது அந்த ஹாஸ்டலில்தான் தங்கினாள். யாரும் எழுப்பாததால் விடிந்த பிறகும் தூங்கினாளாம். இதற்காகவா ஒரு பெண் அவ்வளவு தூரம் போவாள் என்று தெரு கேட்டது. இந்த வாரம் முடிவதற்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும்.

சின்னப்பையன், மனைவி முனியம்மாவிடம் ஆவடி என்றார். மகளிடம் கோயம்புத்தூர் என்றார். டீக்கடையில் 'பாக்கலாம்' என்றார். அன்று காலையும் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ இன்னாம்மா சொல்றே?" என்று கேட்டார். வந்ததும் சொல்வதாகச் சொன்னாள் லோகநாயகி. என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அழுகை வராததற்கு அதுதான் காரணமா என்பதும் தெரியவில்லை.

இனிமேல் செலவு செய்ய வேண்டியவர் கோவிந்தன்தான். எல்லாருக்கும் தெரியும், அவருக்கு முதலில் தெரியும்.

"மச்சான் எங்கிட்ட ஆவடின்னுதான் சொன்னாரு" என்றார்.

எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. முனியம்மா தலையாட்டினாள். லோகநாயகிக்கு நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு வேம்புலியம்மாள் பெண்கள் வட்டத்தில் புகுந்து ஒப்பாரியை எடுத்தாள். அவள் வாயில் விழுந்தால் எல்லாமே ஒரு படி ஏறிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் வீடு அரண்மனை ஆயிற்று. துருப்பிடித்த சைக்கிள் பட்டத்துக் குதிரை ஆயிற்று. அப்பேர்ப்பட்டவர் மகளை ஆவடிக்கா அனுப்புவார்?

"கோயமுத்தூர் காலேஜில கொண்டுபோயி சேக்கறேன்னு
சொன்ன வாயி மூடலையே, சொக்கத்தங்கம் சாஞ்சதெங்கே
தாய்மாமன் கோயிந்தன் தட்டாம அனுப்புவான்னு
நம்பித்தானே கண்ணசந்தீர், நாயகியை வுட்டுப்புட்டு…"

ஒப்பாரியை நடுவில் நிறுத்தச் சொல்லும் வழக்கம் கிடையாது. பெண்கள் தாய்மாமனையே திரும்பத் திரும்ப இழுத்து அழுதார்கள். வெளியில் இருந்த ஃபேக்டரி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தன் பந்தல் கம்பத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், பிறகு வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

பாடை எடுப்பதற்குள் சின்னப்பையனின் கடைசி ஆசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. டீக்கடைக்காரர் தன் காதாலேயே கேட்டதாகச் சொன்னார்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். லோகநாயகி வேம்புலியம்மாளை ஓரமாகப் பிடித்தாள்.

"அத்தே, அப்பா உங்கிட்ட சொன்னாரா?"

"எங்கிட்ட எங்கடி பேசுவாரு அந்த மனுசன்? ஆவடின்னா அழுவறவளுக்கு இன்னா கீது, தோ, மூணாவது ஸ்டேஷன்." வேம்புலியம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "ஏண்டி, உனுக்கு ஆவடிதான் புடிச்சிருந்திச்சா?"

லோகநாயகி வாளியை எடுத்துத் தரையில் தண்ணீரை ஊற்றினாள். வேம்புலியம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குளித்துவிட்டுத் திரும்பிய கோவிந்தன் ஈர வேட்டியோடு வாசலிலேயே நின்றார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"அங்க குளிராமே" என்றார் கடைசியில். "கம்பளி எதுனா வாங்கணுமா?"

"தெரியல மாமா."

அவர் தோளிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். தண்ணீர் சொட்டியது. எடுத்து முறுக்கிப் பிழிந்து மறுபடி போட்டாள். இன்னும் சொட்டியது. மறுபடி எடுத்தாள்.