சேவல் அச்சும் ஒற்றை மணியும்

தங்கச் சுரங்கத்தில் மூவாயிரம் அடி ஆழத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். பாறை வெடித்து ஒரு கையிலிருந்த சாப்பாட்டு டப்பா பறந்தபோதும் மறு கையிலிருந்த டீ சிந்தவில்லை. அப்படிப்பட்டவனை ஆண்டர்சன்பேட்டைத் தகரக் கொட்டகை ஒன்று மிரட்டிவிட்டது.

சிற்ப வார்ப்பு வகுப்பு. சொல்லித்தருபவள் வினோலியா, பெங்களூரில் படித்தவள், என் மகளைவிடச் சின்னவள். மாணவர்கள் நானும், என் பழைய ஷிப்ட் கூட்டாளி ராஜேந்திரனும். நான் மெழுகில் சேவல் செய்தேன். என் மனைவி ஐடா பார்த்துவிட்டு, "இன்னா, பல்லியா?" என்றாள். அதை மண்ணால் மூடிச் சுட்டதும் மெழுகு உருகி ஓடிவிட்டது. அந்த மண் அச்சின் வெற்றிடத்தில் வெண்கலம் ஊற்ற வேண்டும். பக்கத்திலேயே ராஜேந்திரனின் அச்சும் இருந்தது.

ஞாயிறு காலை சீக்கிரமே போனேன். என் அச்சின் மேல் காய்ந்த தூசி. சுரங்கத்தில் தூசி நுரையீரலைத் தின்னும். ஷிப்டில் முதல் வேலையே தண்ணீர் அடிப்பதுதான். கை தானாகப் போனது. அரை பக்கெட் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

உருகிய வெண்கலம் கொதிக்கும் மூசைக் கிண்ணத்தை உலையிலிருந்து வினோலியாவும் ராஜேந்திரனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள்.

"அங்கிள், தள்ளி நில்லுங்க. அச்சுல சொட்டு ஈரம் இருந்தாலும் வெண்கலம் எகிறி என் மூஞ்சிலதான் அடிக்கும். அதுக்குத்தான் நேத்து பூரா சுட்டோம்."

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர்கள் என் அச்சை நெருங்கிவிட்டார்கள். சுத்தியலை எடுத்து, கொட்டகையில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜை நிறுத்த ஒரே மணிதான்.

ராஜேந்திரன் ஒரு கால் அந்தரத்தில் இருக்க, அப்படியே நின்றான். அந்த மணியின் அர்த்தம் தெரியாத வினோலியா அரை எட்டு வைத்துவிட்டாள். மூசை சாய்ந்து, புளியங்கொட்டை அளவு வெண்கலம் அச்சின் வாயில் விழுந்தது.

படார்!

அச்சைக் காணோம். கூரையில் ஓட்டை. அந்தத் துளி பல மைல் தள்ளிப் பூதிகோட்டையில் ஒருவரின் தக்காளித் தோட்டத்தில் சூடு ஆறாமல் விழுந்ததாகக் கேள்வி.

வினோலியாவுக்குக் கீறல் இல்லை. ராஜேந்திரனோடு சேர்ந்து மூசையைக் கீழே வைத்தாள். உதடு வெளுத்திருந்தது.

"யார் தண்ணி ஊத்துனது?"

நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இன்னொரு கையும் எழுந்தது.

"என் அச்சுக்கு நான் முழு பக்கெட் ஊத்திட்டேன்மா," என்றான் ராஜேந்திரன். "நீ சொன்னதும் எனக்கு வாயே வரல. எவனாவது மணி அடிக்க மாட்டானான்னு வேண்டிக்கினே நடந்தேன்."

வினோலியா மெல்லத் திரும்பி மற்ற அச்சைப் பார்த்தாள். பிறகு மூசையைப் பார்த்தாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க."

வெண்கலம் ஆறிக் கறுக்கும்வரை மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றோம்.